போடி ரயில் காதலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மதுரை - போடி ரயிலில் நடக்கும் என் நாவலின் இரண்டாம் பதிப்பு இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்காகக் காதல் கதை எழுதுகிற எனக்கு இது பெரிய சந்தோஷம். இந்தக் கதைக்குத் துணை நின்றவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் உசிலம்பட்டி ரயில்வே ஐயாவுக்கு. மதுரை - போடி பாதையில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டி நின்றதும், 2022 மே மாதம் தேனி வரைக்கும் அகல ரயில் வந்ததும், அடுத்த ஆண்டு ஜூனில் அது போடியைத் தொட்டதும் பழைய செய்தித்தாளைப் புரட்டினாலே கிடைத்துவிடும். ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி நுழைந்ததும் சத்தம் பாறையில் மோதித் திரும்பும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பதை அவர்தான் சொன்னார். நாயகன் முதன்முதலாக வாய் திறக்கும் இடத்தை அங்கேயே வைத்தேன். அவன் கேட்டது அவள் காதில் விழவில்லை. “என்ன?” என்கிறாள். அவனுக்கு இன்னொரு தரம் சொல்லத் தைரியம் வரவில்லை. காலையில் மதுரையிலிருந்து போய்ச் சாயங்காலம் திரும்பும் அந்த ஒரு வண்டியை விட்டால் இருவரும் சந்திக்க வழியில்லை. கதையின் தவிப்பு பாதிக்கு மேல் அந்த டைம்டேபிள் தந்ததுதான்.

அப்புறம் வக்கீல் அக்கா. நாயகிக்கு என்ன வயது வைக்கலாம் என்று கேட்கப் போன என்னை உட்கார வைத்து, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். 18 வயது நிரம்பாத பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளாது. “படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியணும்மா” என்றார். நாயகி கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருப்பதும், தோழியின் தங்கை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுவதும் அந்தப் பேச்சில் பிறந்தவை.

தேனி மாணவிகளே, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். பின்னாலேயே சுற்றுவதும் கையைப் பிடித்து இழுப்பதும் நம் காதல் கதைகளில் வெகுகாலமாகக் காதல் என்ற பெயரில் ஓடுகின்றன. அதைப் பற்றிக் கேட்டபோது, “அப்படி எவனாவது வந்தா அடுத்த ஸ்டேஷன்ல பெட்டி மாறிடுவோம்க்கா” என்றீர்கள். அவள் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விடும்வரை அவன் நின்றுகொண்டே வருகிற அத்தியாயம் உங்களுடையது. கடிதம் எழுதும் வாசகிகள் பலரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஒற்றுப்பிழை ஒன்று விடாமல் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்த தமிழாசிரியருக்கும், வாடகை நூலகத்தில் புத்தகத்தைக் கண்ணில் படும்படி வைத்து வருவோர் போவோரிடமெல்லாம் பேசிய அம்மாவுக்கும், எழுதும் இரவுகளில் வீட்டைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும் என் வணக்கம்.

ரயில்வே ஐயா, எழுத்து பொடியாக இருக்கிறது என்றீர்களே, புதிய பதிப்பில் பெரிதாக்கச் சொல்லிவிட்டேன். அச்சாகி வந்ததும் உங்கள் பிரதியை நானே உசிலம்பட்டிக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் எழுத்தாளர்