8.75 என்ன, பெரிய குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். முதல்தர கிரிக்கெட் ஆடிய ஒருவர் இலக்கியத்துக்கு நோபல் வாங்கினார் என்பது சுவாரசியமான சங்கதிதான், யார் இல்லை என்றது? ஆனால் ‘இரண்டே ஆட்டத்தில் சாயம் வெளுத்து, அந்த அவமானத்தில் பேனாவைப் பிடித்தார்’ என்று உங்கள் நிருபர் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதை எங்கிருந்து பிடித்தார்?

1925இலும் 1926இலும் பெக்கெட் படித்த டப்ளின் பல்கலைக்கழகத்தின் அணி இங்கிலாந்துக்குப் போய் நார்தாம்டன்ஷயர் கவுன்ட்டி அணியோடு மோதியது. இரண்டிலும் தோல்வி. பெக்கெட் நான்கு இன்னிங்ஸில் 35 ரன், அதிகபட்சம் 18, சராசரி 8.75. பந்துவீச்சில் 64 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. இதையெல்லாம் மறக்காமல் போட்டவர் பிடித்த இரண்டு கேட்ச்சை மட்டும் எப்படி விட்டார் என்று தெரியவில்லை, இடம் போதவில்லை போலும். எதிரே நின்றவர்களில் பந்து போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. இந்தப் பக்கம் பாடத்துக்கும் பரீட்சைக்கும் நடுவே மட்டையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிய மாணவர்கள். காசு வாங்காமல் ஆடிய அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால் என்று ஸ்கோர் கார்டிலேயே பிரித்து அச்சடித்த காலம் அது. தங்களுக்குத் தெரியாததா?

சரி, ஏன் இரண்டே ஆட்டம்? டப்ளின் பல்கலைக்கழகத்துக்கு முதல்தர அந்தஸ்துள்ள ஆட்டம் வாய்த்ததே ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை. 1927இல் பெக்கெட் பிரெஞ்சும் இத்தாலியனும் படித்து வகுப்பில் முதலாவதாகப் பட்டம் வாங்கினார், அடுத்த வருஷம் பெல்ஃபாஸ்டில் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை, அப்புறம் பாரிஸ். கல்லூரி முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. இதில் அவமானம் எங்கே வந்தது? அதே வருஷங்களில் ஆக்ஸ்ஃபோர்டு, மிடில்செக்ஸ் என்று மொத்தம் 10 முதல்தர ஆட்டம் ஆடிய அலெக் டக்ளஸ்-ஹோமின் சராசரியும் 16 சொச்சம்தான். அவரும் அவமானம் தாங்காமல்தான் பிரிட்டிஷ் பிரதமரானார் என்று அடுத்த வாரம் ஒரு பெட்டி போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பெக்கெட் இடக்கை ஆட்டக்காரர். தொடக்க மட்டையாளர் என்று கிரிக்கெட் ஆண்டேடான விஸ்டனே எழுதியிருக்கிறது. உங்கள் கார்ட்டூனில் வலக்கையால் ஆடுகிறார். ஓவியருக்கு இது சின்ன விஷயம். நானும் இடக்கைக்காரன், பல்கலைக்கழக அணிக்கு ஓப்பனிங் போனவன், எனக்குச் சின்ன விஷயமில்லை. எங்கள் கிட் பேக்கில் இருந்த கிளவுஸ் எல்லாமே வலக்கை ஆட்டக்காரர்களுக்கு வாங்கியது. அதில் கட்டைவிரல் காப்பு வலது கையில்தான் கெட்டியாக இருக்கும், எனக்கு அடி விழுவது இடது கட்டைவிரலில். கயிற்றுப் பாய் விரித்த பிட்ச், பாயின் தையலில் பட்டால் பந்து எங்கே எழும் என்று போட்டவனுக்கே தெரியாது. நகம் கறுத்து, விரல் வீங்கி, ராத்திரி பேனா பிடிக்க முடியாமல் மறுநாள் பரீட்சை எழுதியிருக்கிறேன். என் சராசரியும் 8.75க்கு மேலே போனதில்லை. கடைசி வருஷம் முடிந்ததும் வேலைக்குப் போனேன், மட்டை பரணுக்குப் போனது. என் சாயம் வெளுத்துவிட்டது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் நிருபர் அப்போது பிறந்திருக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கோபம் இந்த ஒரு வரிக்காக மட்டும் வந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆட்டங்களின் ஸ்கோரை ஒரு காலத்தில் பொடி எழுத்திலாவது போட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போது அந்த இடத்தில் எந்த வீரர் எந்தக் கார் வாங்கினார் என்று வருகிறது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் ஆடிய பிரசிடென்சி மேட்ச் பற்றிப் பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். கிடைத்தது என்றுகூட ஒரு வரி இல்லை. மலரில் நடிகைகள் கரும்போடு நின்றார்கள். அதற்கு முன் ரஞ்சிக் கோப்பை பற்றி எழுதிய கடிதத்தைப் பாதியில் வெட்டி, நான் சொன்னதற்கு நேர் எதிரான அர்த்தத்தில் போட்டு, கீழே என் பெயரை மட்டும் பிழையில்லாமல் அச்சிட்டீர்கள். அந்தக் கவனத்துக்கு நன்றி.

இப்போது கேட்பது ரொம்பப் பெரிசில்லை. பெக்கெட் இடக்கைக்காரர் என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம். முடிந்தால் வாரம் ஒருமுறை கல்லூரி ஆட்டங்களின் ஸ்கோர், அதே பழைய பொடி எழுத்தில் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை.