குளம் பாதி என்றால் மதிப்பும் பாதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெய்ஜிங்கில் நடக்கவிருக்கும் 2026 உலகக் குறுங்குள நீச்சல் போட்டி பற்றி ஞாயிற்றுக்கிழமை வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் குளத்தோடு ஒப்பிட்டால் இந்தப் போட்டியின் 25 மீட்டர் குளம் பாதிக் குளம்தான், அங்கே எடுக்கும் சாதனையையும் பாதியாகவே கொள்ள வேண்டும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார் தங்கள் நிருபர். அவருக்கு அது ஒரு வரி. எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே ஒரு டர்ன், அதாவது சுவரில் திரும்புவது. 25 மீட்டர் குளத்தில் மூன்று. 1500 மீட்டர் என்றால் 59. ஃப்ரீஸ்டைல் நீச்சலோ பட்டாம்பூச்சி நீச்சலோ, ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியிலேயே போகலாம். நுரையீரல் கெஞ்சும், தொடை எரியும். சுவரை உதைத்து வரும் வேகம் கைவீசி நீந்தும்போது கிடைக்காது, அதனால்தான் நேரம் குறைகிறது. சரி, அதை நான் மறுக்கவில்லை. அந்த உதை கைவர எத்தனை வருடம் ஆகும் என்று அவர் யாரையாவது கேட்டாரா?

என்னைக் கேட்டிருக்கலாம். கல்லூரி நாளில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்தும் பந்தயத்தின் இறுதிப் போட்டி. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடிகள் தொங்கும். அதைக் கடந்ததும் கைவீச்சை எண்ணிப் புரள வேண்டும். மூன்றாவது டர்னில் ஒரு வீச்சு முன்னதாகவே புரண்டுவிட்டேன். கால் விரல் நுனிதான் சுவரில் பட்டது. முதலில் வந்துகொண்டிருந்தவன் ஐந்தாவதாக முடித்தேன். அப்புறம் 14 வருடம் டர்ன் நடுவராகச் சுவரோரம் நின்றபோது, அதே இடத்தில் தோற்றவர்களை நிறையவே பார்த்தேன்.

2024 புடாபெஸ்ட் உலகக் குறுங்குளப் போட்டி தங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் கிரெட்சன் வால்ஷ் ரிலேக்களையும் சேர்த்து 11 உலக சாதனை. கேமன் தீவுகளின் ஜோர்டன் குரூக்ஸ் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அரையிறுதியில் 19.90 விநாடி, 20-க்குக் கீழே போன முதல் ஆள். அந்த ஆறு நாளுக்கும் தங்கள் பத்திரிகை ஒதுக்கியது நான்கு வரி. அதுவும் 'இதர விளையாட்டுகள்' என்ற தலைப்பில், பில்லியர்ட்ஸுக்குக் கீழே.

பாதிக் குளம் என்று ஒதுக்குகிற நீங்கள்தான், அங்கே ஒருவர் 45 விநாடிச் சொச்சத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தியபோது சீனாவின் பான் ஜான்லேயின் 46.40 விநாடி உலக சாதனை தகர்ந்தது என்று தலைப்புப் போட்டீர்கள். பான் அதை நீந்தியது பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் குளத்தில். 25 மீட்டர் குளத்தில் 2021-லேயே ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 44.84 நீந்திவிட்டார்.

கனடாவின் வின்ட்சரில் நடந்த 2016 உலகக் குறுங்குளப் போட்டியின்போது, நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் 100 மீட்டர் தனிநபர் மெட்லியை 200 என்று 'திருத்தி' வெளியிட்டீர்கள். உலகப் போட்டிகளில் அந்தப் பந்தயம் 25 மீட்டர் குளத்துக்கே உரியது என்று விளக்கிக் கடிதம் எழுதினேன். பதிலுக்குச் சந்தா புதுப்பிக்கும் படிவம் வந்தது. புதுப்பித்தேன்.

என் வேண்டுகோள் சின்னது. நீச்சல் நேரம் எதை வெளியிட்டாலும் பக்கத்தில் 25 மீ அல்லது 50 மீ என்று போடுங்கள். இடம் பில்லியர்ட்ஸுக்குக் கீழேயே இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
முன்னாள் டர்ன் நடுவர், இந்நாள் சந்தாதாரர்