செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: செவ்விலக்கியமும் மாங்கா, அனிமே வடிவங்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானத்தின்படி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் முழுவதும் ஒரே பொருளுக்கு ஒதுக்கப்பட்டன: பழைய இலக்கியங்களை ஜப்பானியர் மாங்காவாகவும் (சித்திரக்கதை) அனிமேவாகவும் (அசைபடம்) ஆக்கிய விதம். "மூலத்தை அப்படியே எடுத்திருக்கிறார்களா" என்ற விவாதம் எப்போதும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் அதை ஒதுக்கிவிட்டு, எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை பக்கம், எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். தழுவியவர் மூலத்தில் எதை உயிராகக் கருதினார் என்பது வசனத்தைவிட இந்தக் கணக்கில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பதே இந்த ஆண்டு வேலையின் முடிவு.

முறையை முதலில் பதிவு செய்கிறேன், புதிய உறுப்பினர்களுக்கு உதவும். மூல நூலின் அத்தியாயப் பட்டியலை ஒரு தாளின் இடப்பக்கம் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாங்காவில் எத்தனை பக்கம், அனிமேவில் எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். மாங்காவில் கட்டங்களை எண்ணக்கூடாது. ஒரு முழுப்பக்கப் படமும் ஒன்பது கட்டப் பக்கமும் வாசகரின் நேரத்தில் வேறு வேறு என்றாலும், பத்திரிகையில் வரைபவருக்குக் கிடைப்பது பக்கக் கணக்குதான். அனிமேவில் விளம்பரம், தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு, அடுத்த வார முன்னோட்டம் ஆகியவற்றைக் கழித்தால் அரை மணி நேர எபிசோடில் கதைக்குச் சுமார் 20 முதல் 22 நிமிடம்தான் மிஞ்சும். தாளின் மூன்றாவது நெடுவரிசையில் நான்கு குறிகள்: நீ (நீக்கியது), சே (சேர்த்தது), இ (இடம் மாற்றியது), பே (பேசுபவரை மாற்றியது). கடைசிக் குறிதான் பலர் கண்ணில் தப்பிவிடுகிறது.

இந்த முறையில் பெரிய தவறு ஒன்று திரும்பத் திரும்ப நடந்தது. கையில் இருப்பது சுருக்கப் பதிப்பு என்று தெரியாமலே ஒப்பிடுவது. அலெக்சாந்தர் துமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' 117 அத்தியாயங்கள். கடைகளில் கிடைக்கும் பல பதிப்புகளில் அதில் பாதிகூட இல்லை. சுருக்கியவர் வெட்டிய பகுதியை அனிமே தானாகச் சேர்த்ததாக நினைத்து 'சே' போட்டுவிடுகிறோம். அத்தியாய எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே தாளை எடுக்க வேண்டும்.

இனி எடுத்துக்கொண்ட படைப்புகள்.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் மேலை நாட்டுச் சிறுவர் நாவல்களை ஓர் ஆண்டு முழுக்க வாரந்தோறும் ஓட்டும் வழக்கத்தை நிலைநிறுத்தியது 1974இன் 'ஆல்ப்ஸ் சிறுமி ஹெய்டி', 52 எபிசோடுகள். இயக்கம் இசாவோ தகஹாதா, காட்சி அமைப்பு ஹயாவோ மியாசாகி, பாத்திர வடிவமைப்பு யோய்ச்சி கொதாபே. வரைவதற்கு முன் இவர்கள் சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்துவந்தார்கள். யோஹன்னா ஸ்பைரியின் நாவலில் பிரார்த்தனையும் இறைநம்பிக்கையும் கதையின் முதுகெலும்பு. அனிமே அதைக் குறைத்து, அந்த நிமிடங்களை ஆட்டுப்பால், உருகும் பாலாடைக்கட்டி, வைக்கோல் படுக்கை, மலைச்சரிவின் வெளிச்சம் என்று செலவிட்டது. நாவலில் ஹெய்டியின் நடக்க முடியாத தோழி கிளாராவின் சக்கர நாற்காலியைப் பொறாமையால் மலையிலிருந்து தள்ளிவிடுவது ஆடு மேய்க்கும் பீட்டர். அனிமேவில் அது கிளாராவின் கையிலிருந்தே நழுவி உருண்டு நொறுங்குகிறது. இந்த ஒரு மாற்றத்தால் குற்றமும் மன்னிப்பும் என்ற நாவலின் கோடு மறைந்து, தன்னால் முடியும் என்று ஒரு பெண் தெரிந்துகொள்ளும் கதையாக அது மாறிவிடுகிறது. நம் தாளில் இது 'பே' குறியின் நெருங்கிய உறவு. செயலைச் செய்பவரை மாற்றினாலும் இதே குறியைப் போடலாம் என்று முடிவு செய்தோம்.

கணக்கின் மறுகோடி 1976இன் 'அம்மாவைத் தேடி மூவாயிரம் காதம்'. இதுவும் தகஹாதா, இதுவும் 52 எபிசோடுகள். மூலமோ எட்மோன்டோ தெ அமிசிஸின் 'குவோரே' என்ற பள்ளிச் சிறுவன் நாட்குறிப்பு நூலுக்குள் வரும் பல கதைகளில் ஒன்று. ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். இந்தச் சிறுகதை ஓராண்டுக்கு நீண்டது எப்படி? அம்மாவைத் தேடிப் போகும் சிறுவன் மார்கோ கப்பல் ஏறுவதற்கு முன்பே பல எபிசோடுகள் அவன் ஊரான ஜெனோவாவின் சந்துகளில் கழிகின்றன. பொம்மலாட்டக் குடும்பம் ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. 13 வயதுப் பையன் இன்னும் சிறியவனாக்கப்பட்டான். இத்தனை சேர்த்தும் கதை நீர்த்துப்போகவில்லை, ஏனென்றால் சேர்த்தவை எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை: பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகும் ஏழைகள். 'சே' குறி அதிகம் என்பதாலேயே ஒரு தழுவலைத் தாழ்த்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

'பச்சைக்கூரை வீட்டு ஆன்' கூட்டம்தான் ஆண்டின் மிகப் பயனுள்ள கூட்டம். லூசி மாட் மான்ட்கோமரியின் 1908 நாவலுக்கு 38 அத்தியாயங்கள். தகஹாதாவின் 1979 தொடருக்கு 50 எபிசோடுகள். ஆன் என்ற அனாதைச் சிறுமியை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று வீட்டுக்காரி மரில்லா முடிவெடுப்பது நாவலில் ஏறத்தாழ முதல் 8 அத்தியாயங்கள். அதற்கே 6 எபிசோடுகள் ஆகின்றன. அந்த ஆறையும் சேர்த்துத் தொகுத்த 100 நிமிடப் படம் 2010இல் தனியாகத் திரைக்கு வந்தது, எதுவும் குறைபடாமல் முழுமையாக நின்றது. 2025இல் வந்த புதிய 'ஆன் ஷெர்லி' தொடர் முதல் மூன்று நாவல்களை 24 எபிசோடுகளில் முடித்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பொருந்துகின்றன. காணாமல் போவது ஆனின் பேச்சு. அவள் நிறுத்தாமல் பேசுவதும், கேட்பவர் திணறுவதும், பிறகு மெல்ல அந்தப் பேச்சுக்குப் பழகுவதும்தான் நாவல். அதற்கு நிமிடங்கள் வேண்டும். புதிய தொடர் ஆன் வளர்ந்து பெரியவளாவதைக் காட்ட அந்த நிமிடங்களைக் கொடுத்துவிட்டது. பழையதே மேல் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து கொண்ட உறுப்பினர்கள் உண்டு, அதுவும் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

2004இல் தொடங்கிய 'கன்குட்சுஓ' 24 எபிசோடுகள், இயக்கம் மஹிரோ மயேதா. பெயரின் பொருள் 'குகை மன்னன்'. துமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' நாவலை மெய்ஜி காலத்தில் (1868–1912) குரோய்வா ருய்கோ நாளிதழ்த் தொடராகத் தழுவியபோது வைத்த பெயர் அது. அதாவது இது தழுவலின் பெயரைச் சுமந்த தழுவல். நாவல் பின்னாளில் பிரபுவாக வரும் எட்மோன் தாந்தேயின் சிறைவாசத்தை முன்னால் வைக்கிறது, அவர் பழிவாங்கும்போது நாம் அவர் பக்கம். அனிமேவோ நிலவில் நடக்கும் திருவிழாவில், ஆல்பெர் என்ற இளைஞனின் கண்ணிலிருந்து தொடங்குகிறது. பிரபு யார், ஏன் வந்தார் என்பது நமக்கும் தெரியாது. எனவே ஆல்பெரோடு சேர்ந்து நாமும் அவரை நம்பி ஏமாறுகிறோம். 'இ' குறி ஒன்றே ஒரு நாவலைத் தலைகீழாக்கும் என்பதற்கு இது பாடம். துணிகளின் பூவேலை உடல் அசைந்தாலும் அசையாமல் நிற்பது முதலில் கண்ணை உறுத்தும். இரண்டாவது எபிசோடு வரை பொறுத்துப் பார்க்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஜப்பானியச் செவ்விலக்கியத்துக்கு வந்தால், கணக்கு வேறு விதமாகச் சிக்கலாகிறது. முராசாகி ஷிகிபுவின் 'கெஞ்சி கதை' 54 அத்தியாயங்கள். வாக்கி யமாதோவின் 'அசாகி யுமேமிஷி' மாங்கா 1979 முதல் 1993 வரை வந்து 13 தொகுதிகளில் அதை, கடைசிப் பத்து அத்தியாயங்களான உஜிப் பகுதி உட்பட, முடித்தது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் ஜப்பானிய மாணவர்கள் கதைத்தொடர்பு பிடிக்க இதைத்தான் எடுக்கிறார்கள். மூலத்தில் பாத்திரங்களுக்கு இயற்பெயர் கிடையாது, பதவியால் அழைக்கப்படுவார்கள், பதவி உயர்ந்தால் அழைப்பும் மாறும். மாங்கா அந்தக் குழப்பத்தைத் தீர்த்தாலும் வேறொன்றைக் கொண்டுவருகிறது: பெண்கள் எல்லோருக்கும் தரை தொடும் கருங்கூந்தல், ஒரே சாயல். முகத்தை வைத்து அடையாளம் காண முயன்றவர்கள் மூன்றாம் தொகுதியில் தொலைந்துபோனார்கள். எந்த மாளிகையில் யார் வசிக்கிறார் என்ற பட்டியலோடு படித்தவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. வீட்டை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும்.

நவோகோ யமாதா இயக்கிய 'ஹெய்கே கதை' 11 எபிசோடுகள்தான். ஹெய்கே குலத்தின் முழு வீழ்ச்சியை அதில் அடக்க, மூலத்தில் இல்லாத பீவா என்ற சிறுமியைச் சேர்த்தார்கள், அவளுக்கு வருங்காலம் தெரியும். மூலக் கதை பீவா வீணையோடு பார்வையற்ற பாணர்கள் பாடிப் பரப்பியது. அந்தப் பாணரையே கதைக்குள் ஒரு குழந்தையாக வைத்துவிட்டார்கள். பாடுபவர் முடிவைத் தெரிந்துகொண்டே பாடுகிறார் என்ற உணர்வு, 1185இன் தன்னோஊரா கடற்போர் வரும்போது நெஞ்சை அடைக்கிறது. போர்க்களங்கள் பல வெட்டுப்பட்டதற்கு இது ஈடாகிறது.

2009இன் 'அஓய் புங்காகு' அனிமேத் தொடர் ஆறு ஜப்பானிய இலக்கியப் படைப்புகளை 12 எபிசோடுகளில் தருகிறது. அதில் நட்சுமே சோசெகியின் 'கொகொரோ' இரண்டு எபிசோடுகள். நாவலின் முதல் இரண்டு பாகங்களை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் எடுத்து, அதே கதையை முதலில் சென்செய் என்று அழைக்கப்படும் மூத்தவர் கண்ணிலும் பிறகு அவருடைய நண்பன் கே கண்ணிலும் சொல்கிறார்கள். நாவலில் கே தன் பக்கத்தைச் சொல்லவே மாட்டான், அந்த மௌனம்தான் நாவலின் பாரம். அனிமே அதற்கு வாய் கொடுத்தது. துணிச்சலான வேலைதான், ஆனாலும் நாவலைப் படிக்காதவர் முதலில் இதைப் பார்க்கக்கூடாது.

தசாய் ஒசாமுவின் 'மனிதத் தகுதி இழந்தவன்' நாவலுக்கும் அதன் மாங்கா வடிவங்களுக்கும் தனிக் கவனம் தேவை. தற்கொலை கதையின் நடுவில் நிற்கிறது. ஜுன்ஜி இதோவின் மூன்று தொகுதிகள் அதைப் பேய்க்கதை அளவுக்கு இருட்டாக்குகின்றன. இவை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இரவல் தரப்படுவதில்லை. பெரியவர்களுக்கும் முன்னறிவிப்போடுதான் தரப்படுகிறது. இந்த விதி தொடர வேண்டும்.

ஒரே நாவலுக்கு இத்தனை வடிவங்கள் எப்படி என்று பலர் கேட்டார்கள். ஜப்பானில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துகொண்டிருந்தது. 1948இல் இறந்த தசாயின் நூல்கள் 1999இல் பொதுவுடைமை ஆயின. 2018 இறுதியில் காலவரம்பு 70 ஆனது. அதனால் 1970இல் இறந்த எழுத்தாளர் மிஷிமாவின் நூல்கள் 2040 முடியும்வரை காத்திருக்க வேண்டும். உரிமை தழுவலைத் திசைதிருப்பியதும் உண்டு: 'கன்குட்சுஓ' இயக்குநர் மயேதா முதலில் எடுக்க விரும்பியது ஆல்ஃபிரட் பெஸ்டரின் அறிவியல் புனைவு. உரிமை கிடைக்காததால்தான் துமாவிடம் போனார்.

ஈஸ்ட் பிரஸ் 2007 முதல் வெளியிட்ட 'மாங்காவில் வாசித்து முடிப்போம்' வரிசையை விரைவாகக் கடந்தோம். தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' ஆகட்டும், காஃப்காவின் 'உருமாற்றம்' ஆகட்டும், கிட்டத்தட்ட ஒரே பருமன். 'உருமாற்ற'த்துக்கு இடம் தாராளம், தல்ஸ்தோயிக்குக் கதைச்சுருக்கம்தான் மிச்சம்.

ஜனவரி 2025இல் தமிழ் டப்பிங்கோடும் திரையரங்குகளுக்கு வந்த யுகோ சாகோ, ராம் மோகன், கொய்ச்சி சசாகி மூவரின் ராமாயண அனிமேவையும் ஒரு கூட்டத்தில் எடுத்தோம். பட்டாபிஷேகத்தோடு படம் முடிகிறது, கம்பரும் ஆறு காண்டத்தோடு அங்கேதான் நிறுத்தினார். படத்தின் நேரத்தில் பெரும்பங்கு போருக்கே. அயோத்தியா காண்டத்தின் வேதனைக்கு இன்னும் நிமிடங்கள் கொடுத்திருக்கலாம்.

பயிற்சிப் பட்டறையில் அகுதகவாவின் 'சிலந்தி இழை' கதையை நாமே 8 பக்க மாங்காவாக வரைந்து பார்த்தோம். 1927இல் மறைந்தவர், உரிமைச் சிக்கல் இல்லை. முதலில் நேமு, அதாவது கட்டமும் வசனமும் மட்டும் கொண்ட பென்சில் முன்வரைவு. வலமிருந்து இடம் படிக்கும் புத்தகத்தில் முதல் பக்கம் இடப்புறம் தனியாக வந்தால், இரட்டைப்படைப் பக்கங்கள் வலப்புறம் விழும், தாளைத் திருப்பியதும் கண் முதலில் படுவது அங்கேதான். நரகத்திலிருந்து மேலே ஏற உதவும் சிலந்தி இழை அறும் கட்டத்தை முதல் வரைவில் 5ஆம் பக்கத்தில் வைத்தோம். 4ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் அது தெரிந்து அதிர்ச்சி செத்துவிட்டது. 6ஆம் பக்கத்தின் மேற்கட்டத்துக்கு மாற்றியதும் சரியானது.

தமிழ் எழுதும்போது வந்த சிக்கல் வேறு. ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக ஓடுவதால் வசனப் பலூன் ஒடுங்கி உயரமாக இருக்கும். 'ஏறிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே அதில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியாது. 'ஏறி வர்றாங்க' என்று பேச்சுவழக்குக்குப் போவதும், நேமுவிலேயே பலூனை அகலமாக வரைவதும்தான் வழி. ஒலிச்சொற்களில் தமிழ் நமக்குக் கைகொடுத்தது: சலசல, மினுமினு, தடதட என்று இரட்டைக்கிளவி ஜப்பானியத்துக்கு ஈடாக நிற்கிறது. நிசப்தத்துக்கு அவர்கள் எழுதும் 'ஷீன்' என்பதற்கு மட்டும் இணை கிடைக்கவில்லை, கட்டத்தை வெறுமையாக விட்டோம். 'கொகொரோ'வின் 'சென்செய்' என்பதை 'ஆசிரியர்' என்று பெயர்ப்பதும் தவறு. அவர் தம்மை அப்படி அழைக்கும் இளைஞனுக்குப் பாடம் நடத்தியவர் அல்லர். அப்படியே விடத் தீர்மானித்தோம்.

நூலகப் பொறுப்பு பற்றிச் சில சொற்கள். மாங்கா தொகுதிகள் பசை ஒட்டிய கட்டு. விரித்து அமுக்கினால் முதுகு வெடித்துத் தாள் உதிரும், முக்கால் பங்குக்கு மேல் திறக்க வேண்டாம். மழைக்காலத்தில் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றில் கிமோனோவின் வலப்புற மடிப்பு மேலே வரும், அது பிணத்துக்கு உடுத்தும் முறை. அத்தகைய பிரதிகளை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம், அட்டையில் சிவப்புப் புள்ளி வைத்துள்ளோம். வீட்டில் பார்க்க வாங்கிய வட்டு பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது. எனவே படங்களை அவரவர் வீட்டில் பார்த்து, தாளோடு கூட்டத்துக்கு வரும் வழக்கமே தொடரும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தாள்களைப் படியெடுத்துத் தந்தவர்களுக்கும், பட்டறைக்கு மேசை தந்தவர்களுக்கும், மாதந்தோறும் தேநீர் கவனித்தவர்களுக்கும் செயற்குழுவின் நன்றி.

வரும் ஆண்டின் முதல் கூட்டத்துக்கு மியாசாவா கென்ஜியின் 'பால்வீதி இரயிலின் இரவு' நாவலும், கிசாபுரோ சுகியியின் 1985 அனிமேவும் எடுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் 1933இல் இறந்தபோது நாவல் திருத்தங்களோடு முடிவுபெறாமல் கிடந்தது. எனவே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். உங்கள் பிரதி எந்த வரைவைப் பின்பற்றுகிறது என்பதை முன்னுரையில் பார்த்து, தாளின் தலைப்பில் எழுதிக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்