பால்காரரின் மேக்ஸ் 100

கோபிசெட்டிபாளையம்
தை 8

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கட்டு அவிழ்த்த அன்றே காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். வசந்தாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படியுங்கள் என்றாள். அம்மாவை நாங்கள் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வசந்தாவின் முழங்கால் மட்டும் முன்னைப்போல இல்லை. படி ஏறுவது சிரமம், இறங்குவது அதைவிடச் சிரமம். சின்னவள் இரண்டாம் வருஷத்துக்கு வந்துவிட்டாள். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்ததால் தோட்டத்தில் இந்த முறை நெல் போட்டேன்.

இனி நீ கேட்ட விஷயம். பழைய சாமுராய் பைக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, பின்பக்கச் சேஸிஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை, வெட்டிக் கஃபே ரேசர் என்கிற பந்தய பைக் பாணியில் ஆக்கிவிடலாம் என்று உன் பையன் சொல்கிறான், நீ உன் வண்டியை என்ன செய்தாய், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னுடையது மேக்ஸ் 100 பைக், 2000-ல் பதிவான வண்டி. டேங்கில் டிவிஎஸ் சுசுகி என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருக்கும். அடுத்த வருஷமே இரண்டு கம்பெனியும் பிரிந்துவிட்டன. 1984-ல் ஓசூரிலிருந்து முதல் இண்ட் சுசுகி வந்தபோது நாம் கல்லூரி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அதே வம்சத்து 98 சிசி டூ ஸ்ட்ரோக்தான் இதுவும். பக்கத்து ஊர்ப் பால்கார அண்ணனிடம் 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். இருபத்துநாலு வருஷம் தினமும் இரண்டு நடை பால் சுமந்த வண்டி. அவருக்கு வயதாகிவிட்டது, கேனைத் தூக்கி மாட்ட முடியவில்லை என்று கொடுத்தார். சாவியைக் கையில் தரும்போது டேங்கை ஒருமுறை துடைத்துவிட்டுத் தந்தார்.

வாங்கும்போது சைலன்சர் புகை வந்து வண்டியையே மூடும். மெக்கானிக் ஒருவர் போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்துளை, தேய்ந்திருக்கிறது என்று ஒரு தடவை பிஸ்டன் மாற்றியிருக்கிறார். புகை நிற்கவில்லை. மறுபடி போர் போட்டு, அதாவது அந்தத் துளையைக் கடைந்து, இன்னொரு பிஸ்டன். அப்போதும் நிற்கவில்லை. வண்டியே முடிந்துபோயிற்று என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசு அவருக்கு எத்தனை நாள் பால் காசு என்று நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

நான் உடனே பிரிக்கவில்லை. பத்து நாள் அப்படியே ஓட்டினேன். முதல் நாள் கியர் ஆயிலைப் புதிதாக அளந்து ஊற்றினேன். பத்தாம் நாள் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தால், ஊற்றியதில் பாதிதான் இருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு இல்லை. மீதி ஆயில் எங்கே போயிற்று? பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கறுப்பாக ஈரமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் அதற்குக் கீழே கிராங்க் தண்டு சுழல்கிற அறை காற்றை உறிஞ்சும். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் ரப்பர் கெட்டியாகி வாய் விரிந்திருந்தால், காற்றோடு கியர் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சி எரித்துவிடும். புகைக்குக் காரணம் அதுதான். போரில் தப்பே இல்லை. மோதிரம் அளவு ரப்பர் வளையம் ஒன்று, நூறு ரூபாய்கூட இல்லை. மேக்னெட் பக்கத்து சீல் போனால் வேறு மாதிரி இருக்கும்: வெளிக்காற்று உள்ளே போய், ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் இறங்காமல் கத்தும். பையன் பார்க்கிற சாமுராயில் இந்த இரண்டையும் முதலில் கவனிக்கச் சொல்.

சீலுக்காகத் திறக்கிறோம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடையும் பார்த்துவிடலாம் என்று முழுசாகப் பிரித்தேன். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். போல்ட்டுகளைப் பழைய அட்டைப்பெட்டியில், எந்த மூடி எந்த ஓட்டை என்று படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். கிராங்க் கேஸ் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் அலுமினியம் விண்டுவிடும்.

ராடு ஆடியது. கிராங்கை ஈரோட்டில் ஒரு லேத்தில் கொடுத்து, பிரஸ்ஸில் பிரித்துப் புது ராடு கிட் போட்டு, டயல் கேஜ் வைத்து நேர் பார்த்து வாங்கினேன். வீட்டில் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான், இதில் காசு பார்க்கக் கூடாது. போரும் அங்கேயே. போர் போட்டு வந்ததும் சிலிண்டருக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். காற்றும் புகையும் போய்வருகிற போர்ட் ஓட்டைகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. அப்படியே பூட்டினால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடைந்துவிடும். சின்ன அரத்தாலும் எமரித் தாளாலும் ஒவ்வொரு விளிம்பையும் கூர் மழுங்கத் தேய்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த வேலைதான். விரல் நுனியில் அந்தக் கூர் மெல்ல மெல்லக் காணாமல் போனதை இப்போதும் உணர முடிகிறது.

பேரிங் ஏற்றியது வசந்தாவின் உதவியால். முதல் நாள் இரவே பேரிங்கை எண்ணெய்த் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தோம், தோசை மாவுக்கு மேல் தட்டில். காலையில் கிராங்க் கேஸை நன்றாகத் துடைத்து அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லின் மேல் வைத்துச் சூடாக்கினேன். அவள் தண்ணீர் தெளித்துப் பார்த்து, சுர்ரென்கிறது, இப்போது போடுங்கள் என்றாள். குளிர்ந்த பேரிங் சுத்தியல் படாமல், டக் என்று ஒரே சத்தத்தில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கண்ணெதிரே பார்த்தபோது இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

டேங்குக்குள் துரு. வினிகர் ஊற்றி ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு மூன்று நாள் விட்டுவிட்டுக் குலுக்கினேன். சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே பெட்ரோலும் ஆயிலும் கலந்து அலசினேன். வயரிங் முழுக்கப் புதிது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சைலன்சரைப் பற்றித்தான் பையனிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்குழலை எடுத்துவிட்டால் சத்தம் வரும், வேகமும் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் பாதி என்ஜின். வெளியே போகிற புகையின் அலை அதன் உள்வடிவத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பித்து ஓடப் பார்க்கிற புதுப் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். வெட்டினால் அந்தத் தள்ளல் போய்விடும். சத்தம் கூடும், ஏற்றத்தில் இழுக்காது. நான் காஸ்டிக் சோடாவில் ஒரு நாள் ஊறவைத்து உள்ளே இருந்த கரியை மட்டும் எடுத்தேன். கட்டி கட்டியாக ஒரு சிரட்டை நிறைய வந்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தில் படக்கூடாது, கையில் உறை கட்டாயம்.

அப்புறம் நீ கேட்ட கஸ்டம் வேலை. நானும் முதலில் ஹேண்டில்பாரை இறக்கி, ஒற்றை சீட் வைத்து, மட்கார்டைக் குறைத்து என்று ஒரு நோட்டில் படமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். பிரிக்கப் பிரிக்க அந்த ஆசை வேறு பக்கம் திரும்பியது. ஏனென்றால் இந்த வண்டியை ஏற்கெனவே ஒருவர் கஸ்டம் பண்ணியிருக்கிறார். செயின் ஓடுகிற பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டில் கம்பெனி அளவைவிட இரண்டு பல் கூடுதல், பாரத்தோடு மேடு ஏறுவதற்கு. பின் ஸ்பிரிங் தடிமனானது. கேன் மாட்ட இரண்டு பக்கமும் கொக்கி, அது காலில் இடிக்காமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு வளைவு. இடது கொக்கி வலதைவிட ஒரு விரல் கடை தாழ்வு. ஏன் என்று அண்ணனையே போய்க் கேட்டேன். இடது பக்கம் நின்றுதான் கேனைத் தூக்கி மாட்டுவேன், தோள்வலி வந்த பிறகு கொஞ்சம் இறக்கி வெல்டு வைத்தேன் என்றார். அந்த வண்டியில் அவர் உடம்பின் அளவு இருந்தது, மூர்த்தி. படத்தில் பார்த்த வேறு எவனோ ஒருவனின் அளவை அதன்மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

என் வேலை என்ன? தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், வாய்க்கால் மேட்டுப் பாதை. பின்னால் முழங்கால் வலியோடு வசந்தா. அதற்குத் தைத்தேன். சீட்டைக் குஷன் கடையில் கொடுத்துப் பின்பகுதியில் ஒன்றரை அங்குலம் பஞ்சைக் குறைத்தோம். சேலை கார்டின் கால்மிதியை அவளை உட்காரவைத்து அளந்து, அகலமான தகட்டில் புதிதாகச் செய்தேன். கைப்பிடிக் கம்பியை அவள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தினேன். தடித்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங், ஸ்ப்ராக்கெட்டும் கம்பெனி அளவு. நிறம் கரும்பச்சை. பட்டி பார்த்து, தண்ணீர்த் தாள் தேய்த்து, பெயிண்டும் நானே அடித்தேன். கேன் கேரியரை அறுத்து எடுத்தேன், அந்த இடது கொக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். சாப்பாட்டுத் தூக்கு மாட்ட அதைவிட நல்ல உயரம் இல்லை.

சேஸிஸில் கை வைக்காதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்துவிட்டது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, சக்கரத்தில் துணி சிக்காத தடுப்பு எல்லாம் இருந்தே ஆக வேண்டும். பழைய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருஷம் தாண்டியதற்குக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆகிவிட்டது. என் வண்டிக்கு அக்டோபரில் புதுப்பித்தேன். வெட்டாத வண்டி, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் தெளிவு, அரை மணியில் வேலை முடிந்தது. வெட்டின வண்டியை எந்த முகத்தோடு கொண்டுபோய் நிறுத்துவது? அதைவிட, அந்தச் சேஸிஸின் வால்தான் பின்னால் உட்காருகிற ஆளைத் தாங்குகிறது. உன் மருமகள் அதில் உட்காருவாள் அல்லவா?

செலவு, வண்டி விலை போக 21,000 சொச்சம். பாதிக்கு மேல் கிராங்க், போர், பிஸ்டன், பேரிங்குக்கே போயிற்று. ஐந்து மாதம், ஞாயிறும் சாயங்காலமும்.

பையனைக் கடையில் கொடுக்க விடாதே, வாங்கி வீட்டில் வைத்து அவனையே பிரிக்கச் சொல். முதல் பத்து நாள் ஓட்டட்டும். மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடட்டும், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

எனக்கு நீ ஒரு உதவி செய்ய வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளும், டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக்கும் இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை. சென்னையில் ஜி.பி. ரோட்டுச் சாமான் கடைகளில் ஒரு சுற்று கேட்டுப் பார், இல்லையென்றால் புதுப்பேட்டை. காக்கின் பழைய சாமான் ஒன்றைக் கூரியரில் அனுப்புகிறேன், அளவு வைத்து வாங்கு.

இதுவரை 380 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புது பிஸ்டன் பழகுகிற ரன்னிங் காலம் இது; 500 வரைக்கும் பெட்ரோல் லிட்டருக்கு 30 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், நாற்பதுக்கு மேல் போவதில்லை. கியர் ஆயிலை மறுபடி அளந்தேன், ஊற்றியது அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, நீங்களே உதையுங்கள் என்றேன். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. அவர் ஏறவில்லை. பின்னால் போய்ச் சைலன்சருக்கு நேரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

மாசியில் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. கொடிவேரி வரை நாம் இரண்டு பேரும் இதிலேயே போகலாம், அதற்குள் ரன்னிங் முடிந்துவிடும்.

அன்புடன்,
சுந்தரம்