நைட்ரஜன் நிரப்பாத அக்குமுலேட்டருக்குப் பம்பை மாற்றிய வைத்தியம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 20 லிட்டர் அக்குமுலேட்டரில் வாயு அழுத்தக் குறைவு, பம்புக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்காக உங்களிடம் வாங்கிய அக்குமுலேட்டரை (அழுத்த எண்ணெயைச் சேமிக்கும் கலன்; உள்ளே நைட்ரஜன் அடைத்த ரப்பர் பை இருக்கும்) உங்கள் மெக்கானிக்கே வந்து பொருத்தினார். அன்று முதல் பிரஸ் பாதித் தூரம் பாய்ந்து இறங்குகிறது. மீதித் தூரத்தை நொண்டி நொண்டிக் கடக்கிறது. புகார் சொன்னதும் அவரே மறுபடி வந்தார். பம்பு தேய்ந்துவிட்டது என்றார், மாற்றினார், பில்லை நீட்டினார். நொண்டல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய பம்பு ஓடும்போது கேஜ் முள் 100 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) சில நொடிகளிலேயே 200 பாரைத் தொட்டுவிடும். தேய்ந்த பம்பு இப்படி ஏற்றாது. அத்தனை சீக்கிரம் ஏறியதே கோளாறுக்கு அடையாளம்: அந்த இடைவெளியில் உள்ளே எண்ணெய் சேர இடம் குறைவு.

நானே சோதித்தேன். பம்பை நிறுத்திவிட்டு, எண்ணெயை டேங்குக்கு இறக்கும் வால்வை மயிரிழை அளவு திறந்தேன். முள் மெதுவாக இறங்கியது: 150, 100, 60. 30-க்கு வந்ததும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் 30 பார்தான். முள் எங்கே விழுகிறதோ அதுவே பையிலுள்ள நைட்ரஜனின் அழுத்தம். உங்கள் தகட்டிலோ 90 பார் என்று பொறித்திருக்கிறது.

எண்ணெய் 200 பார் அழுத்தத்திலும் இரண்டு சதவீதம்கூடச் சுருங்காது. ஆகவே ஆற்றலைச் சேமிப்பது எண்ணெய் அல்ல. ரப்பர் பைக்குள் சுருங்கிக் கிடக்கும் நைட்ரஜன்தான். அழுத்தம் இரட்டித்தால் வாயு பாதியாகச் சுருங்கும் என்று 1662-இல் பாயில் சொன்ன விதியை வைத்தே கணக்குப் போடலாம். 200-இலிருந்து 100 பாருக்கு இறங்கும்போது, பையில் 90 பார் இருந்தால் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் எண்ணெய் ஒரே வீச்சில் வெளியே வரும். 30 பார் இருந்தால் மூன்று லிட்டர்தான். எங்கள் பிரஸ்ஸுக்கு ஓர் இறக்கத்துக்கு ஐந்து லிட்டர் வேண்டும். போதாக்குறைக்கு, பை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் கசங்குகிறது. இத்தகைய பைகளுக்கு வழக்கமான வரம்பு நான்கில் ஒரு பங்கு. இதற்குள் அது எங்கே மடிந்து கிழிந்திருக்கிறதோ!

பயணத்தின்போது வாயுவைக் குறைத்து அனுப்பும் வழக்கம் எனக்கும் தெரியும். பொருத்தும் நாளில் அதை நிரப்ப வேண்டியவர் உங்கள் ஆள்.

இதைவிட எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. "வாயு அளவைப் பார்த்தீர்களா?" என்று கேட்டதற்கு, மூலையில் நின்ற வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காட்டி, "அதிலிருந்து கொஞ்சம் ஏற்றிவிடலாமே" என்றார். அழுத்தமுள்ள ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன் தவிர வேறெதையும் நிரப்பக் கூடாது என்று உங்கள் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் அதைப் படித்ததே இல்லையா?

பையை மாற்றித் தாருங்கள். எண்ணெய்ப் பக்கம் பூஜ்யத்தில் இருக்கும்போது, என் கண்முன்னே 90 பார் நைட்ரஜன் நிரப்புங்கள். தேவையில்லாமல் மாற்றிய பம்பின் தொகையையும் கூலியையும் திருப்பித் தாருங்கள். பழைய பம்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது எண்ணெயை முழுவதும் இறக்கி, மெயின் சுவிட்சைப் பூட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர் கேஜுடன் கூடிய நிரப்பும் கருவியோடு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்