பட்டாளத்தார் வீட்டு வாசலில் ஒரு கொடி: பொங்கல் விழா நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் மன்றங்களில் பொங்கல் வேலை தொடங்கிவிடும். வசூலுக்கு ரசீதுப் புத்தகம் அச்சாகும். கபடிக்குத் திடலைச் சமன் செய்வீர்கள், உறியடிக்குக் கம்பம் தேடுவீர்கள், கோலப் போட்டிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வைப்பீர்கள். அந்த வேலைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். ஜனவரி 14 காலையில், உங்கள் ஊரில் உள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரர் வீட்டு வாசலிலும், அவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு தேசியக் கொடியை ஏற்றி வையுங்கள்.

அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. 1949 ஜனவரி 15 அன்று இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கே.எம்.கரியப்பா, 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். அந்த நாளை 2016 முதல் முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ராணுவ முகாம் உள்ள ஊர்களில் விழா நடக்கிறது. நம் கிராமங்களிலோ அது போகியிலோ பொங்கலிலோ விழுந்து, அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இதைவிடப் பொருத்தமான நாள் நமக்கு வாய்க்காது. சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் ஊரில் இருக்கும் காலை அது. வெள்ளையடித்த சுவர், விடியும் முன்பே விழித்துக்கொண்ட தெரு, வாசலில் கோலம். கொடி மட்டும்தான் குறை.

அமெரிக்காவில் சில ஊர்களில் தன்னார்வலர்கள் விடிவதற்குள் வந்து முன்னாள் வீரர்களின் வீட்டுப் புல்வெளியில் கொடிகளை நட்டுவிட்டுப் போகிறார்கள். எண்ணம் நல்லது, எடுத்துக்கொள்ளலாம். அதே முறையில் செய்ய வேண்டியதில்லை. நம் வீடுகளுக்குப் புல்வெளி கிடையாது, நம் கொடி மண்ணில் படவும் கூடாது. திண்ணைத் தூணோ மாடியின் கைப்பிடிச் சுவரோ போதும். ஒரு வீட்டுக்கு ஒரு கொடி, அதை ஒழுங்காகக் கட்டினால் நிறைவு.

நான் ஒரு பட்டாளத்தார் மகள். அப்பா, தரைப்படையின் பொறியியல் பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நாங்கள் வளர்ந்தபோது அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. இன்லண்டு கடிதத்தில் எழுதும் முகவரியில் அவர் எண், பெயர், யூனிட், அதன் கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். மலையா பாலைவனமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. விடுமுறையில் வருவார், கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்டால் எழுதிய பெயரை நாங்கள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். சிப்பாய்கள் பலர் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், வீட்டுக் கடன் பாதியில் இருக்கும். அதனால் இன்னொரு சீருடை போட்டுக்கொள்கிறார்கள். வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்றவர், ஏ.டி.எம். முன்னால் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் வண்டிக்குக் கேட் திறந்துவிடுபவர் என்று அவர்களைத் தினமும் பார்த்திருக்கிறீர்கள். சியாச்சினில் நின்ற கால்கள் அவை என்பது கேட்டவருக்குத்தான் தெரியும். ஊரில் அவரைத் தேடி ஆள் வருவது பெரும்பாலும் ராணுவக் கேண்டீன் மது பாட்டிலுக்காக. இதைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது. ஆனால் அதுதான் நடக்கிறது.

மரியாதையே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. என் அப்பாவையும் ஒரு முறை மேடைக்கு அழைத்தார்கள். காலை எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டு, பிரமுகர்கள் வந்து சேரும்வரை வெயிலில் உட்கார வைத்தார்கள். கடைசியில் பொன்னாடை போர்த்தியவர் வேறு யார் பெயரையோ சொன்னார். அப்பா திருத்தவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையிலிருந்து மெடல்களைக் கழற்றி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மேடைக்கு அவர் போக வேண்டும், வாசலுக்கு நாம் போகிறோம். எனக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம்.

பணியில் உயிர் நீத்தவருக்கு நம் ஊர்கள் குறை வைத்ததில்லை. 1999இல் கார்கிலில் மேஜர் சரவணன், 2014இல் சோபியானில் மேஜர் முகுந்த் வரதராஜன், 2020இல் கல்வானில் ஹவில்தார் பழனி என்று வீரச்சாவு எய்தியவர்களுக்காகத் தமிழ்நாடே திரண்டது. சவப்பெட்டியில் கொடியை எப்படிப் போர்த்த வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. காவி நிறம் தலைமாட்டில் வர வேண்டும். ஆனால் முழுப் பணியையும் முடித்து, ஊர் திரும்பி, எழுபது எண்பது வயதில் கட்டிலில் இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கொடியும் கிடைப்பதில்லை. அவர்கள் கண் திறந்திருக்கும்போது அவர்கள் வீட்டில் அது பறக்கட்டும் என்கிறேன்.

இனி, செய்யும் முறை. வியப்பில் ஆழ்த்துவது என்று இறங்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். படைவீரர் வீட்டுப் பெண்களுக்கு, விடியற்காலையில் வாசலில் ஆண்கள் கூட்டமாக வந்து நிற்பது என்றால் ஒரே பொருள்தான் இருந்தது. தந்திக்காரர் சைக்கிள் மணி அடித்தால் என் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார், எழுந்து வர மாட்டார். அவர் வயதுள்ளவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எனவே வீட்டில் ஒருவருக்கு, மருமகளுக்கோ பேரனுக்கோ, முதல் நாளே சொல்லி வையுங்கள். பெரியவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும். தனியாக இருக்கும் விதவைத் தாய் என்றால் அவரிடமே சொல்லிவிடுங்கள். அங்கே திடீர் மகிழ்ச்சி வேண்டாம். போகும்போது குழந்தைகளும் பெண்களும் முன்னால் போகட்டும். வெடி கூடவே கூடாது. ஆயிரம் வாலா கொளுத்தி மரியாதை செய்வதாக நீங்கள் நினைப்பீர்கள். உள்ளே படுத்திருப்பவர் எந்த இரவை நினைத்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியாது. மேளமும் வேண்டாம். கொடியைக் கட்டிவிட்டு, அவர் வெளியே வரும்வரை அமைதியாக நில்லுங்கள். வந்ததும் வணக்கம் சொல்லுங்கள்.

அவர் வந்து முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை அல்ல, முடிச்சைத்தான். அவிழ்த்து மறுபடி கட்டுவார், கட்டட்டும். கொடி கட்டுவதில் அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆனாலும் அடிப்படையாவது சரியாக இருக்க வேண்டும். 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள கொடி விதித்தொகுப்பின்படி பொதுமக்கள் எல்லா நாளும் கொடி ஏற்றலாம். 2022 ஜூலையில் செய்த திருத்தத்துக்குப் பிறகு வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம். பாலியஸ்டர் துணிக்கும் 2021 டிசம்பரில் அனுமதி வந்துவிட்டது. கதர் கிடைத்தால் கதரே வாங்குங்கள். விதி சொல்லும் அளவுகளில் 450க்கு 300 மில்லிமீட்டர் என்பது திண்ணைத் தூணுக்குப் பொருந்தும், மாடிக்கு 900க்கு 600. காவி மேலே இருக்க வேண்டும். கிழிந்ததோ வெளுத்ததோ கூடாது. கொடியின் மேல் எழுத்து எதுவும் கூடாது. உங்கள் மன்றத்தின் பெயரும் நன்கொடையாளர் பெயரும் அதில் அடங்கும். வேறு எந்தக் கொடியும் அதைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. அந்த வீட்டு மாடியில் ஏற்கெனவே கட்சிக் கொடியோ ரசிகர் மன்றக் கொடியோ பறந்தால், வீட்டாரிடம் பேசி இடம் பாருங்கள். வாழ்த்துத் தட்டி வேண்டாம். அவர் படத்தைத் தபால்தலை அளவில் போட்டு, சுற்றிலும் உங்கள் படங்களை அச்சடிக்கும் வழக்கம் இந்த ஒரு காரியத்திலாவது நுழையாமல் இருக்கட்டும்.

பட்டியல் எடுப்பதுதான் உண்மையான வேலை. டிசம்பர் 7 அன்று படைவீரர் கொடிநாள். 1949 முதல் அந்த நாளில் நிதி திரட்டுகிறோம், பள்ளியில் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடி உங்களுக்கு நினைவிருக்கும். அன்றே பட்டியலைத் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும். தபால்காரரிடம் கேளுங்கள், ரேஷன் கடையில் கேளுங்கள், மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தாரிடம் கேளுங்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும்படி படைக்கு ஆள் அனுப்பிய ஊர் என்றால் பட்டியல் நீளும். சில ஊர்களில் இரண்டே வீடுகள் இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் தாய்மாரைச் சேருங்கள். ராணுவச் செவிலியராக இருந்த பெண்களை யாருக்கும் நினைவு வராது, தேடிப் பாருங்கள். சி.ஆர்.பி.எப்., எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் இருந்தவர்களை அரசாணைகள் முன்னாள் படைவீரர் கணக்கில் வைப்பதில்லை. ஊர் வைக்கலாம். 2019இல் புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எப். வீரர்கள்தான்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் இளைஞர் மன்றம் என்பது ஒரு தெருவின் மன்றமாக இருக்கிறது. உங்கள் கொடி காலனிக்கும் போக வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸில் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்கள் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்களைக் கொடியேற்றவிடாமல் தடுத்த கொடுமை நம் மாநிலத்தில் நடந்தது. 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால், அப்படி நடக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒன்றாக நடந்து எல்லா வீட்டுக்கும் போனால்தான் நான் கேட்பது நடந்ததாகப் பொருள். ஒரு தெருவோடு நிறுத்திக்கொள்வதானால் தொடங்காமலே இருங்கள்.

இந்திய அமைதிப்படையில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். 1987இலிருந்து 1990வரை இலங்கைக்குப் போன தமிழ் வீரர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தாம் பேசும் மொழியையே பேசும் மக்கள் நடுவில் துப்பாக்கியோடு நிற்க நேர்ந்தவர்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்தப் படையால் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரமும் உண்மை, அதை யாரும் மறைக்கக் கூடாது. என் கருத்து இது: அனுப்பியவர்களின் கணக்கை, போனவரின் வாசலில் நின்று தீர்க்க முடியாது. அவர் வீட்டிலும் கொடி கட்டுங்கள். ஆனால் முன்பே ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களில் சிலர் வேண்டாம் என்பார்கள். காரணம் கேட்காமல், பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். பக்கத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருந்தால் அங்குள்ளவர்களின் மனத்தையும் நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

கொடியை ஏற்றியதோடு கடமை முடியாது. குடியரசு நாள்வரை பறக்கட்டும். பதின்மூன்று நாள் பனியிலும் வெயிலிலும் துணி எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள். கிழிந்துவிட்டால் அடுத்த போகியில் தெருவில் பழைய பாயோடு சேர்த்து எரிக்கும் பொருள் அல்ல அது. தனியிடத்தில், மரியாதையோடு, முழுதாக எரிக்க வேண்டும் என்பது விதி. பட்டாளத்தாரிடமே கொடுத்தால் அவர் பார்த்துக்கொள்வார்.

ஜனவரி 27 அன்று கொடியை இறக்கப் போகும்போது உங்களில் செல்பேசி நன்றாகக் கையாளத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். ராணுவ ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் இணையதளம் வழியாக வருகிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் பணம் நின்றுவிடும். கடவுச்சொல் மறந்தது, பழைய செல்பேசி எண் மாறியது, ஆவணத்தில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருப்பது என்று முதியவர்களும் விதவைத் தாய்மாரும் இதில் தடுமாறுகிறார்கள். இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையிலும் இதே சிக்கல். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் உங்களால் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். முடியாததை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களை வண்டியில் அழைத்துப் போய்க் கேளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அவர்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செலவு பெரிதில்லை. வாழ்த்துத் தட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஊருக்கே கொடி வாங்கிவிடலாம். விழா நோட்டீசில் மட்டும் இதைப் போடாதீர்கள், பெரியவர்கள் படித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு பட்டாளத்தார் மகள்,
வேலூர் மாவட்டம்