ஆண்டறிக்கை: பொதுத் தொட்டியும் நான்கு சக்கர் மீன்களும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டில் நம் மீன் வளர்ப்போர் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டங்கள் 9 நடந்தன. மூன்று கூட்டங்கள் போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டன. மீன்குஞ்சுப் பரிமாற்றம் இரண்டு முறையும், செடித் தொட்டிச் செயல்விளக்கம் ஒரு முறையும் நடந்தன. பிள்ளைகளுக்கான கண்காட்சி நல்லபடியாக முடிந்தது.

இனி பொதுத் தொட்டி. வீட்டுத் தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்ட உறுப்பினர்களின் சக்கர் மீன்களை, அதாவது வாயால் ஒட்டிக்கொள்ளும் ‘sucker’ மீன்களை, சங்கம் வைத்துப் பராமரிக்கும் தொட்டி இது. இதற்குச் சங்கப் பணத்தைச் செலவிட்டது சரிதானா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். முழுப் பதில் சொல்வது என் கடமை.

பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று நம்பி, விரல் நீளச் சக்கர் மீனை வாங்கி வந்தவர்கள் நம்மில் பலர். டெரிகோப்ளிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்த அந்தத் தென் அமெரிக்கக் கெளுத்தி 40 செ.மீ.க்கு மேல் வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 15 ஆண்டுகள் இருக்கும். ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லி விற்கிறார்கள். தொட்டியில் அதிகக் கழிவு போடுவதே அதுதான். தீனி போதாவிட்டால் இரவில் தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பைச் சுரண்டும். இரண்டு ஆண்டுகளில் மூன்றடித் தொட்டியில் அதற்குத் திரும்ப இடமிருக்காது. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வரும்.

“ஏரியில் விட்டுவிட்டால் போயிற்று” என்று இதே கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அன்று நான் குரலை உயர்த்தியது உண்மை, அதற்காக வருந்தவில்லை. தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேறிய இந்த மீன்கள் ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் பெருகிக் கிடக்கின்றன. ஆண் மீன் முட்டைகளைக் காக்கக் கரையில் வளை தோண்டும். வளைகள் கூடக்கூடக் கரை சரிகிறது. எலும்புத் தகடு போர்த்த உடம்பும் முள் துடுப்பும் மீனவர் வலையைக் கிழிக்கின்றன. வாங்கியது நாம், வைத்துக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையது. பொதுத் தொட்டிக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

தொட்டி 8 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம். ஏறக்குறைய 1,300 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் எடையே 1,300 கிலோ என்பதால்தான் மாடியில் வைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. இடத்துக்குச் சண்டை போடும் மீன்கள் என்பதால் ஆளுக்கொரு அகலக் குழாய் போட்டிருக்கிறோம். சுரண்டித் தின்ன மரக்கட்டைகளும் உண்டு. இரவில் வேகவைத்த காய்கறித் துண்டுகளும் மூழ்கும் தீனியும் போடுகிறோம். ஒன்றை எடுக்க வேண்டுமானால் வலை போடாதீர்கள். துடுப்பு முள் வலைக்கண்ணில் சிக்கிக் கிழியும். பெரிய டப்பாவில் நீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள். வந்த முதல் மீனின் துடுப்பு நான் வலை போட்டதால்தான் கிழிந்தது. ஆற ஒரு மாதம் ஆயிற்று.

விளக்கைப் போட்டதும் அவற்றின் கண்ணைப் பாருங்கள். கண்மணியின் மேலிருந்து சின்ன மடல் ஒன்று இறங்கி வெளிச்சத்தை மறைக்கும், இருட்டினால் மேலேறிவிடும். இதைப் பார்க்கவே சில இரவுகள் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறேன்.

தண்ணீர் மாற்றுவதுதான் பாடு. வாரம் 400 லிட்டர் வெளியேற்றி, குளோரின் நீக்கிய நீரை விட வேண்டும். ஃபில்டர் பஞ்சையும் அலச வேண்டும். முறைப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். தவறாமல் வருபவர்கள் மூவர். மீனைக் கொண்டுவந்து ஒப்படைத்த நால்வரில் ஒருவர்தான் திரும்ப வந்து பார்த்தார். நான் வெளியூர் போயிருந்த இரண்டு வாரமும் முறைக்காரர்கள் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பஞ்சு அடைத்து, நான்கு மீன்களும் மாறி மாறி மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. இந்த மீன்களால் விழுங்கிய காற்றிலிருந்து இரைப்பை வழியாக ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ள முடியும். அதனால்தான் பிழைத்தன என்று நினைக்கிறேன். ஆனால் கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சான அம்மோனியாவுக்கு அந்த வித்தை உதவாது. பொருளாளரும் நானும் நள்ளிரவு வரை வாளி தூக்கினோம். யார் மீதும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. நடந்தது பதிவாக வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்கட்டின. தொட்டிச் செலவில் ஒரு பகுதி நன்கொடையாக வந்தது. சந்தா பாதிப் பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. நிலுவைப் பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். கூட்டம் முடிந்து பொருளாளர் அரை மணி நேரம் இருப்பார்.

கூடம் தந்தவர்களுக்கும், கண்காட்சிக்கு உழைத்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன; வாளி தூக்க முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. இரண்டு உறுப்பினர்கள் தங்கள் சக்கர் மீன்களுக்கு இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். இரண்டாவது ஃபில்டரும், ஞாயிறுதோறும் இரண்டு பேர் கையும் இல்லாமல் ஐந்தாவது மீனை நான் ஏற்க மாட்டேன். புதிய முறைப் பட்டியல் வாசல் மேசையில், பேனாவோடு இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மாற்றுகிறோம். அந்தத் தேதிக்கு நேரே என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இவண்,
செயலாளர்